விக்டோரியா தினமும் குளிர்ந்த ஏரியும்: ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் அயலிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா தினம். 1819 மே 24இல் பிறந்த மகாராணிக்காக விடப்படும் விடுமுறை என்றாலும் அவரை அன்றைக்கு நினைப்பவர் எவரையும் நான் கண்டதில்லை. கியூபெக்கில் 2003இலிருந்து அதே நாளை ‘தேசப்பற்றாளர் நாள்’ ஆக்கிவிட்டார்கள். நமக்கோ அது குளிர் விட்டுப் போகும் நாள். மிளகாய், கத்தரிக் கன்றுகளை முற்றத்தில் இறக்குகிறோம், இனி உறைபனி வராது என்ற நம்பிக்கையில் (சில வருடங்களில் வந்து தொலைக்கும்). பார்பிகியூ அடுப்பு தூசு தட்டப்படுகிறது. வசாகா, சிம்கோ ஏரிக்கரைகளுக்கு வாகனங்கள் புறப்படுகின்றன.

அந்த வாகனங்களில் போகிறவர்களைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெயில் 25 பாகை எறித்தாலும் ஏரித் தண்ணீர் சூடாக இன்னும் பல கிழமைகள் எடுக்கும். வடக்கே பல ஏரிகளில் பனிக்கட்டி கரைந்தே அதிக நாளாகியிராது. ஒன்ராறியோ ஏரி மே மாதத்தில் பெரும்பாலும் 10 பாகைக்கும் கீழேதான். “நான் வல்வெட்டித்துறைக் கடலில நீந்தினவன்” என்று வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கும் அண்ணைமாருக்கு அந்த நீச்சல் இங்கே முதல் நிமிடத்தில் கை கொடுக்காது.

குளிர்நீரில் உடலுக்கு என்ன நடக்கும் என்று மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார்: 1, 10, 1. குளிர்நீரில் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு நம் சொல் கேட்காது. வாயைப் பிளந்து இழுக்கும்போது தண்ணீரும் சேர்ந்து போகும். அதைத் தாண்டினால் கைகால் ஓரளவுக்கு வேலை செய்வது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் நாம் பயப்படுகிறோம். பலர் அதுவரைக்கும் போவதேயில்லை. உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால் முதல் நிமிடத்திலும் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும். அதன் பெறுமதியே அங்கேதான் இருக்கிறது.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. ரொறன்ரோ நகர ஏரிக்கரைகளிலும் பொதுவாக ஜூனில்தான் வருவார்கள். மே நீண்ட வார இறுதியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே நம்மைத் தவிர ஒருவரும் இல்லை. தாழ்கிறவர் படங்களில் வருவது போலக் கத்திக் கையசைக்கவும் மாட்டார். சத்தமில்லாமல் போய்விடுவார்.

உங்கள் ஒன்றுகூடல்கள் ஜூலை, ஆகஸ்ட்டில் நடப்பவை என்பது தெரியும். ஆனால் வாட்ஸப் குழுக்கள் வருடம் முழுக்க உங்கள் கையில். கலைமாலை ரிக்கற் விற்க ஒரு நாளில் பத்துத் தடவை செய்தி போடுகிறீர்கள். மே நடுப்பகுதியில் இந்தத் தண்ணீர்க் கதையை ஒரு தடவை போடுங்கள். ஊரிலிருந்து படிக்க வந்து, நிலவறை வாடகை வீடுகளில் ஏழெட்டுப் பேராக இருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

சங்கக் களஞ்சியத்தில் கயிறிழுத்தல் கயிறும் கொத்துரொட்டித் தட்டும் இருக்கின்றன. அவற்றோடு பல அளவுகளில் உயிர்காப்பு அங்கிகளும் இருக்கட்டும், கேட்ட குடும்பம் இரவலாகக் கொண்டுபோகட்டும். காற்றடித்த மிதவைப் பொம்மைகளை இதற்கு ஈடாக நினைக்க வேண்டாம்; கரையிலிருந்து வீசும் காற்றில் அவை பிள்ளையோடு உள்ளே போய்விடும். யாராவது விழுந்தால் பின்னால் குதிக்காமல் 911ஐ அழைத்துவிட்டு, வெறும் ஐஸ் பெட்டியை மூடி எறியச் சொல்லிக் கொடுங்கள். அது மிதக்கும்.

கனடிய உயிர்காப்புச் சங்கத்தின் (Lifesaving Society) ‘பிழைப்பதற்கான நீச்சல்’ திட்டம் கேட்பது மூன்றே மூன்று: ஆழத்தில் புரண்டு விழுந்து மேலே வருவது, 1 நிமிடம் நின்ற இடத்தில் மிதப்பது, 50 மீற்றர் நீந்துவது. பிள்ளைகளை வகுப்புக்கு விடுகிறோம், அம்மாமார் வாங்கில் கைப்பையோடு இருந்து பார்க்கிறார்கள். சங்கப் பணத்தில் பெண்களுக்கென்று ஒரு நீச்சல் வகுப்பை இந்த வருடம் ஒழுங்கு செய்ய முடியுமா? அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இதை எடுத்து, முடிவை உறுப்பினர்களுக்கு அறிவியுங்கள்.

இங்ஙனம்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் உறுப்பினர்