டிப்பர் கணக்கு போதாது, ஈரக் கணக்கும் வேண்டும்

ஏரிக்கரை வேலைகளைப் பார்க்கும் நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

கோடையில் கரை பலப்படுத்தும்போது காய்ந்த களிமண்ணை டிப்பர் கொட்டுகிறது, ஜேசிபி பரப்புகிறது, ரோலர் ரெண்டு தடவை ஓடுகிறது. மேலே பார்த்தால் சிமென்ட் தரை மாதிரி இருக்கும். ஓரடி தோண்டினால் கைப்பிடி அளவுக் கட்டிகள் உடையாமல் அப்படியே கிடக்கும். கட்டிகளுக்கு நடுவே இருக்கும் சந்துதான் ஐப்பசியில் தண்ணீருக்கு வழி.

நன்றாக இறுகிய களிமண், ஆற்றுமணல் விடுகிற தண்ணீரில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் விடும். அந்தக் குணம் மண்ணோடு சேர்ந்து லாரியில் வருவதில்லை, களத்தில்தான் உண்டாக்க வேண்டும். மண் மிக அடர்த்தியாக இறுகுவதற்கென்று ஓர் ஈரப்பதம் உண்டு என்பதை லாஸ் ஏஞ்சலீஸ் பொறியாளர் ப்ராக்டர் 1933இலேயே காட்டிவிட்டார். அதைவிடச் சற்றுக் கூடுதலாக நனைத்து இறுக்கினால் கட்டிகள் இளகிப் பிசைந்து ஒன்றாகும். அடர்த்தி கிட்டத்தட்ட அதேதான். கசிவோ பத்தில் ஒரு பங்காக, சில மண்ணில் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையும். அதனால் பரிசோதனைக் கூடத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வந்துவிட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவது போதாது.

சரி, முழுக்கக் கரிசல் களியாகவே போடலாமா? வேண்டாம். நம் ஏரிகள் பல மாதம் வறண்டு கிடப்பவை, வெறும் களி பாளம் பாளமாக வெடித்துவிடும். மணல் கலந்தால் சுருக்கம் குறையும். மணலின் இடைவெளி முழுவதையும் களி நிரப்பினால்தான் தண்ணீர் நிற்கும். அந்த விகிதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தந்த ஊர் மண்ணைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மண்ணை வெட்டும் இடத்திலேயே முந்தின நாள் நனைத்து ஊறவிடுங்கள். இறுகிய பிறகு 15 செ.மீ. இருக்கிற மாதிரி அடுக்கடுக்காகப் போடுங்கள். அடுத்த அடுக்குக்கு முன் மேற்பரப்பைக் கீறி நனைக்காவிட்டால் இரண்டும் ஒட்டாது. அப்புறம் மதகு ஓரம்: அங்கே ரோலர் நெருங்க முடியாது, அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய அடுக்காகப் போட்டுத் திமிசால் இடித்தே ஆக வேண்டும்.

அளவுப் புத்தகத்தில் நீள அகல உயரத்தோடு ஒவ்வொரு அடுக்கின் ஈரப்பதமும் ஏறட்டும். அது இல்லாத பில்லைத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பக்கங்களின் நகலை ஏரிப் பாசனச் சங்கத்துக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
மண் பரிசோதனை வேலையில் இருக்கும் ஓர் ஆயக்கட்டுக்காரன்