சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் பெருமாள்முருகன் ஐயாவுக்கு,

வணக்கம். நான் சேலத்துக்காரி. குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். என்னை உங்களுக்குத் தெரியாது. இந்தத் தொழிலுக்கு நான் வந்து சேர்ந்ததில் உங்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எங்கள் அப்பா ஒரு சினிமா தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். டோக்கனைப் பாதியாகக் கிழித்து ஒன்றை பிரேக் கம்பியில் செருகி, மற்றொன்றை ஆளிடம் கொடுக்க வேண்டும். படம் ஓடும் இரண்டரை மணி நேரமும் வேலை கிடையாது. மிஞ்சிய டோக்கன்களின் பின்பக்கம்தான் என் முதல் ஓவிய நோட்டு. அதில் மலை வரைந்தேன், மலைக்கு நடுவே சூரியன் வரைந்தேன், ஆறு வரைந்தேன், அன்னப்பறவைகூட வரைந்தேன். எதிரே வரிசை வரிசையாக நின்ற இருநூறு சைக்கிள்களில் ஒன்றைக்கூட வரைந்ததில்லை. ஏற்காட்டு மலை தெருவிலிருந்தே தெரியும், அதையும் வரையவில்லை. காலண்டரில் பார்த்த மலைதான் மலை என்று நினைத்திருந்தேன்.

பிளஸ் டூ விடுமுறையில் நூலகத்தில் உங்கள் ‘நிழல்முற்றம்’ கிடைத்தது. ஓவியம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. சிற்றூர்த் தியேட்டர் ஒன்றில் சோடா விற்று, அங்கேயே தூங்கி, அங்கேயே விழிக்கும் பையன்களின் கதை. 1993-இல் வந்த நாவல். எனக்கென்னவோ எங்கள் தியேட்டருக்குள் யாரோ ஒளிந்திருந்து எழுதியதுபோல இருந்தது. திருச்செங்கோட்டுத் தியேட்டர் ஒன்றில் உங்கள் அப்பா சோடாக்கடை வைத்திருந்தார் என்று பிற்பாடு படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். அது பையன்களின் உலகம். என்னைப் போன்ற பெண்பிள்ளை அதை வாசலில் நின்றுதான் எட்டிப் பார்க்க முடியும். ஆனாலும் அன்று மாலையே ஸ்டாண்டுக்குப் போய் ஒரு கோலி சோடா பாட்டிலை எதிரே வைத்து வரைய உட்கார்ந்தேன். கண்ணெதிரே இருக்கும் பொருளைப் பார்த்து நான் வரைந்த முதல் படம் அதுதான்.

படத்தைச் சோடாக்கடை மாமாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். “கோலி எங்கே தங்கும், கண்ணு?” என்றார். கழுத்தை நான் நேராக வரைந்திருந்தேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்துக் கழுத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். ஒரே பக்கத்தில், அருகருகே இரண்டு பள்ளங்கள். கட்டை விரலால் அழுத்திக் கோலியை உள்ளே தள்ளினார். பள்ளம் கீழே வரும்படி சாய்த்தபோது கோலி அதில் போய் உட்கார்ந்துகொள்ள, சோடா தம்ளரில் இறங்கியது. பாட்டிலைத் திருப்பிச் சாய்த்தார். கோலி உருண்டு வந்து வாயை அடைத்தது. ஆயிரம் தடவையாவது சோடா குடித்திருப்பேன். அந்தப் பள்ளங்களை அன்றுதான் பார்த்தேன். மாமாவுக்கும் இந்த மடலில் நன்றி சொல்லியாக வேண்டும்.

ஓவியம் படிக்கச் சென்னைக்குப் போனேன். அம்மா சங்ககிரிப் பக்கம் என்பதால் வீட்டில் தட்டு ‘வட்டல்’, ஓணான் ‘ஒடக்கான்’, கொல்லைப்புறம் ‘பொடக்காலி’. விடுதியில் முதல் நாளே “வட்டல் எங்கே?” என்று கேட்டுவிட்டேன். மூன்று ஆண்டுகள் அதுவே என் பட்டப்பெயர். வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் உங்கள் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ கைக்கு வந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்ததை நீங்கள் 2000-இல் எங்கள் வட்டாரத்துக்குச் செய்திருந்தீர்கள். அம்மாவின் பேச்சு அகரவரிசையில் அச்சாகியிருப்பதைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது பெருமிதம் இல்லை, கோபம். இதற்கா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்ற கோபம்.

அந்தக் கோபம் தொழிலுக்கு உதவியது. என் முதல் புத்தகத்தில் வேலிமேல் ஓர் ஒடக்கான் வரும். பதிப்பாசிரியர் ஓணான் என்று மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தது ஒடக்கானிடம்தான். கடைசியில் ஒப்புக்கொண்டார். அவருக்கும் நன்றி.

‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் எழுத்தை விட்டுவிடுவதாக நீங்கள் அறிவித்த செய்தியை ஏற்காடு பஸ்ஸில் படித்தேன். மேலே ஒரு பள்ளியில் சுவர்ப் படம் வரையும் வேலை. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவில் அழ ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அன்று வரைந்த காப்பிச் செடிகளுக்கு இலை மட்டும் உண்டு, பழம் இல்லை. இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. 2016 ஜூலை 5 அன்று அந்த நாவல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உங்களை எழுதச் சொல்லி முடிந்தது. அதே ஆண்டு கவிதைகளோடு திரும்பி வந்தீர்கள். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “வாத்தியார் மறுபடியும் எழுதுகிறாரா? நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை திருச்செங்கோடும் சேலம் மாவட்டம்தான் என்பதால், அப்பாவின் கணக்கில் நீங்கள் இன்னும் நம் மாவட்டத்துக்காரர்.

எங்கள் தியேட்டரை இடித்துவிட்டார்கள். சேலத்தின் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸுக்கே ஏற்காடு சாலையில் ஒரு நுழைவாயில் வளைவுதான் மிஞ்சியிருக்கிறது. சைக்கிள் ஸ்டாண்டுக்கு என்ன மிஞ்சும்? ஒரு கட்டு டோக்கன் மட்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதில் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு கோலி சோடா பாட்டில் வரைந்து இந்த மடலுடன் வைத்திருக்கிறேன். பள்ளங்கள் சரியான பக்கத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள், ஐயா.

அன்புடன்,
சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் மகள்,
சேலம்