'ஐ ஆம் பாசிபிள்' என்று எழுதும் சீன மாணவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறோம்.

'நாளை வந்தாலும் வருவேன்' என்பதை மாணவர் 'ஐ ஆம் பாசிபிள் டு கம் டுமாரோ' என்று எழுதினால், சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். மாண்டரினில் 'கெனெங்' என்ற ஒரே சொல் 'சாத்தியம்', 'சாத்தியமான' இரண்டுக்கும் வரும். வினைக்கு முன்னால் நின்று 'கூடும்' என்றும் பொருள் தரும். 'தா கெனெங் லாய்' என்றால் 'அவர் வரக்கூடும்'. சொற்பட்டியல்களில் பாசிபிள், பாசிப்ளி, மே, மேபி எல்லாவற்றுக்கும் நேரே அதே கெனெங்தான். கைக்கு எது அகப்பட்டதோ அதை மாணவர் எடுத்துப் போடுகிறார்.

எனவே பொருளைவிட இடத்தைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். இந்தப் பொருளில் பாசிபிளுக்கு ஆள் எழுவாயாக வராது. 'இட் இஸ் பாசிபிள்' என்றே தொடங்கும். ஆளை வைத்துத் தொடங்கினால் மே அல்லது மைட். மேபி வாக்கியத்தின் தலையில் நிற்கட்டும். அதையே 'மே பி' என்று பிரித்து எழுதினால் அது வினை. 'ஹி மேபி லேட்' என்ற பிழை இங்கேதான் பிறக்கிறது. ப்ராபப்ளி, 'வில்' என்ற துணைவினைக்குப் பின்னால் வரும். வோன்ட் என்றால் முன்னால்: 'ஹி வில் ப்ராபப்ளி கம்', 'ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்'. பாசிப்ளி இடம் மாறினால் பொருளே புரண்டுவிடும். 'ஐ பாசிப்ளி கான்ட் கம்' என்றால் வர முடியாமல் போகலாம். 'ஐ கான்ட் பாசிப்ளி கம்' என்றால் வரவே முடியாது.

'தாகாய்' என்ற மாண்டரின் சொல் இன்னொரு வம்பு. 'அநேகமாக' என்பதற்கும் 'ஏறக்குறைய' என்பதற்கும் அது ஒன்றே. பத்துப் பேர் போல இருந்தார்கள் என்று சொல்ல வந்தவர் 'ப்ராபப்ளி டென் பீப்பிள்' என்பார். அங்கே வேண்டியது 'அபவுட்'.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு உறுதி என்று கேட்கும் மாணவருக்கு ஐ.நா.வின் பருவநிலை அறிக்கைகளைக் காட்டலாம். அவற்றில் 'லைக்லி' என்றால் 66 விழுக்காடும் அதற்கு மேலும். 'வெரி லைக்லி' என்றால் 90-க்குக் குறையாது. அன்றாடப் பேச்சில் யாரும் இப்படி அளந்து பேசுவதில்லை என்றாலும், மேபியைவிட ப்ராபப்ளி உறுதியானது என்பது மனத்தில் பதிந்தால் போதும்.

கடைசியாக 'வான்யீ'. வான் என்றால் பத்தாயிரம், யீ என்றால் ஒன்று. பத்தாயிரத்தில் ஒன்றாக நடந்துவிட்டால் என்று பொருள். இதற்கு 'இன் கேஸ்' என்று மனப்பாடம் செய்தவர், மழை வந்தால் வீட்டிலேயே இருப்போம் என்பதற்கும் 'இன் கேஸ் இட் ரெயின்ஸ்' என்று எழுதுகிறார். அங்கே 'இஃப்' போதும். குடையை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதற்குத்தான் 'இன் கேஸ்'. இதைத் திருத்துமுன் நம் பேச்சையும் கொஞ்சம் கவனிப்பது நல்லது: 'இன் கேஸ் மழை வந்தா' என்று நாமும்தானே சொல்கிறோம்?

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
சிங்கப்பூர்