16 பேர் தொடங்கிய சபை

கிரீன்ஸ்பரோ,
வட கரோலினா

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மேட்டூர்த் தண்ணீர் நம் கடைமடைக்கு வந்துசேர்ந்ததா?

நம் கோயிலுக்கு ஆள் குறைந்துவிட்டது, பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து இங்குள்ள சாண்டி கிரீக் என்ற பழைய பாப்டிஸ்ட் சபையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் துடிக்கிறேன். என்னோடு வேலை செய்யும் பாப்டிஸ்ட் அம்மையார் ஒருவர் அங்கே அழைத்துப் போனார். சுற்றிலும் காடும் வயலும். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பழைய ஜெப வீடு இன்னும் நிற்கிறது.

1755இல் ஷூபல் ஸ்டெர்ன்ஸ் என்ற போதகர் எட்டுக் குடும்பங்களோடு அங்கே குடியேறினார். சபையில் மொத்தம் 16 பேர். சில ஆண்டுகளில் அது 606 ஆனது. 17 ஆண்டுகளுக்குள் 42 சபைகள் அதிலிருந்து கிளைத்தன. 1772இல் மார்கன் எட்வர்ட்ஸ் என்ற போதகர் வந்து விசாரித்து எழுதிவைத்த கணக்கு இது. ஸ்டெர்ன்ஸுக்குப் பெரிய படிப்பில்லை, குள்ளமான மனிதர், ஆனால் கேட்பவர் கண்ணில் நீர் வரவைக்கும் குரல் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஸ்டெர்ன்ஸின் தங்கை மார்த்தாவும் சபை நடுவே வாய்விட்டு ஜெபித்தவர். பெண்களை ஜெபிக்க விடுகிறார்களே என்று மற்ற பாப்டிஸ்டுகள் குறை சொன்னார்களாம். நம் அம்மாவின் ஜெபத்தைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே முழுக்கு. எனக்கு நம் லுத்தரன் முறைதான் மனத்துக்கு நெருக்கம். ஆனாலும் அவர்கள் உறுதியை மதிக்கிறேன்.

பிறகுதான் அடி விழுந்தது. வரியும் அதிகாரிகளின் அநியாயக் கட்டணமும் தாங்காமல் இப்பகுதிக் குடியானவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1771 மே 16 அன்று அலமான்ஸில் ஆளுநரின் படை அவர்களை முறியடித்தது. குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள். சபையில் மிஞ்சியவர்கள் 14 பேர். அதே ஆண்டில் ஸ்டெர்ன்ஸும் இறந்தார். டென்னசி பக்கம் போனவர்கள் அங்கேயும் சபை வைத்தார்கள். அப்பா, நம் பிள்ளைகளும் திருப்பூரில் ஏதோ ஒரு கோயிலில் நம் கீர்த்தனைகளைத்தான் பாடிக்கொண்டிருப்பார்கள்.

1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் இறங்கியதையும், 1718இல் புதிய எருசலேம் கோயில் எழுந்ததையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நம் சின்னக் கோயிலுக்கு ஓர் எட்வர்ட்ஸ் வரவில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். முதலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் அரிக்கும் முன் வெளியே எடுங்கள். தம்பி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். ஓட்டுக் கூரை போட யார் மரம் கொடுத்தார்கள், 2004 சுனாமியின்போது கோயிலில் யார் யார் தங்கினார்கள் என்பதையெல்லாம் பெரியம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். செலவுக்குப் பணம் இந்த வாரமே அனுப்புகிறேன்.

அன்பு மகள்