மணலை வறுக்கச் சொல்லவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், சின்ன இரும்புக் குழாயை வீட்டிலேயே வளைப்பது எப்படி என்று ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். குழாயில் மணலை நிரப்பு, இரண்டு பக்கமும் இறுக்கி அடை, நெருப்பில் காட்டி வளை, நாலே வரி. முறை சரிதான். ஆனால் மணல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

தேவகோட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் சன்னல் கம்பிகள் கெட்டிக் கம்பி, காய்ச்சினால் சொன்னபடி வளையும். குழாய் அப்படியில்லை. வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் கசங்கும், நடுவில் தாங்க ஒன்றும் இல்லாததால் சப்பையாகிவிடும். மணல் போடுவது அந்த இடத்தைத் தாங்கத்தான்.

எட்டு வருடத்துக்கு முன் ஆச்சி ஒருவர் பழைய இரும்புக் கட்டிலின் கொசுவலைச் சட்டத்தைக் கொண்டுவந்தார், அரை அங்குலக் குழாய், ஒரு மூலை உளுத்துப் போயிருந்தது. "தம்பி, பேரன் வர்றதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருப்பா" என்றார். புதுக் குழாய் வெட்டி வைத்துவிட்டு நான் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தேன், பட்டறைப் பையன் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து இரண்டு கை மணல் அள்ளிவந்து நிரப்பி, இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து, டார்ச்சைப் பற்ற வைத்துவிட்டான். கையால் தொட்டால் அந்த மணல் காய்ந்த மாதிரிதான் இருந்திருக்கும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அடைத்த குழாய்க்குள் எங்கே போகும்? வெடிச் சத்தம், ஆப்பு பையன் காதை ஒட்டிப் போய்க் கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. அந்த ஓட்டைக்குக் கீழே இன்றைக்கும் மழைக்கு வாளி வைக்கிறேன்.

அதற்கப்புறம் பட்டறையில் வறுத்த மணல் மட்டும்தான். நன்றாகச் சலித்து இரும்புச் சட்டியில் வறுக்கிறோம், மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் காட்டினால் வியர்க்கக் கூடாது, அதுதான் பதம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குழாயைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் மணல் இறங்கும், இறங்க இறங்க நிரப்ப வேண்டும். 'டங்' என்ற சத்தம் 'டொக்' என்று மாறினால் போதும். அடைக்கிற ஆப்பு ஒன்றில் ஆணி அளவுக்கு ஒரு துளை போட்டுவிடுவேன், மிச்சம் மீதி ஆவி இருந்தால் அது வழியாகப் போகட்டும். வளைக்கிற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் காய்ச்சிக் கோவைப்பழ நிறம் வந்ததும், ஏறக்குறைய 800 டிகிரி, ஒரே இழுப்பாக நிதானமாக வளைக்க வேண்டும். வெயிலில் நின்று செய்தால் நிறம் தெரியாமல் மஞ்சள் வரைக்கும் காய்ச்சிவிடுவோம், சின்னக் குழாய் அதைத் தாங்காது. நெடுக வெல்டிங் கோடு உள்ள குழாயானால் கோடு வளைவின் பக்கவாட்டில் வர வேண்டும், வெளிப்பக்கம் வந்தால் பிளந்துகொள்ளும். குழாயின் விட்டத்தைப் போல மூன்று நாலு மடங்குக்குக் குறைந்த ஆரமுள்ள வளைவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, நெருப்பில் காட்டவே கூடாது. துரு ஆராய்ச்சியும் செய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) காரைக்குடியில் இருப்பதாலோ என்னவோ, துருவைப் பற்றி எங்கள் பக்கம் ஆளுக்கொரு கருத்து உண்டு, ஆனால் மேலே பூசிய துத்தநாகம் காய்ந்தால் வருகிற வெள்ளைப் புகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டறையில் ஒன்றும் தெரியாது, ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு மலேரியா மாதிரி நடுக்கும். வண்டியின் பிரேக் குழாயும் நெருப்புக்கு ஆகாது, அதற்குக் குழாய் வளைக்கிற கருவி, பென்டர், வாங்கிக்கொள்ளுங்கள்.

திருத்தம் ஒன்றை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டுகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடைக்காரர் உங்கள் துணுக்கை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார், அதில் 'மணல்' என்ற சொல்லுக்கு முன்னால் 'வறுத்த' என்று நானே பேனாவால் எழுதிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
பட்டறைக்கார வாசகன்,
தேவகோட்டை