ஷ்பகெட்டி ஐஸ் பிறந்தது மான்ஹைமில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் சமையல் பக்கத்தில் 'இத்தாலிய நூடுல்ஸ் ஐஸ்கிரீம்' என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். படம் அழகு, பெயர்தான் தப்பு. அது ஜெர்மனியின் ஷ்பகெட்டி ஐஸ். நான் குடியிருக்கும் ஹைடெல்பெர்க்குக்குப் பக்கத்து ஊரான மான்ஹைமில் பிறந்தது என்பதால் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

நான் இங்கே வந்த புதிதில் ஒரு ஐஸ் கடையில் பக்கத்து மேசைச் சிறுவனுக்கு ஒரு தட்டு ஷ்பகெட்டி, அதாவது நீள இத்தாலிய நூடுல்ஸ், வந்தது, மேலே சிவப்பாகத் தக்காளிச் சாறு, அதற்கும் மேலே துருவிய சீஸ். ஐஸ் கடையில் இதை ஏன் விற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே பார்த்தால் பையன் கரண்டியால் வழித்து நக்கிச் சாப்பிடுகிறான். நூல் நூலாக இருந்தது வெனிலா ஐஸ்கிரீம், தக்காளி போலத் தெரிந்தது ஸ்ட்ராபெரி, சீஸ் என்பது வெள்ளைச் சாக்லேட் துருவல். (ஜெர்மன் மொழியிலும் ஐஸ்கிரீமுக்கு 'ஐஸ்' என்றுதான் பெயர். நான் படிக்காமலே கற்றுக்கொண்ட ஒரே ஜெர்மன் சொல்.)

1969-ல் இதைச் செய்தவர் டாரியோ ஃபோன்டனெல்லா. இத்தாலியிலிருந்து வந்து மான்ஹைமில் ஐஸ் கடை வைத்த குடும்பத்துப் பிள்ளை, ஆகவே நீங்கள் இத்தாலி என்று எழுதியதில் பாதி நியாயம் இருக்கிறது. க்ரீமின் மேல் செஸ்நட் என்ற கொட்டையின் விழுதை நூலாகப் பிழியும் மோன் பிளாங்க் என்ற இனிப்பைப் பார்த்து, ஐஸ்கிரீமை ஏன் அப்படிப் பிழியக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. கையில் எடுத்தது ஷ்பெட்ஸ்லெ என்ற ஜெர்மன் நூடுல்ஸ் பிழியும் அச்சு. முட்டையும் கோதுமை மாவும் சேர்த்த தளர்ந்த மாவைக் கொதிக்கும் தண்ணீரில் பிழிய இந்தப் பக்கத்து வீடுகளில் வைத்திருப்பது, நம் இடியாப்ப உரலுக்குத் தூரத்துச் சொந்தம். முதலில் தட்டைப் பார்த்த குழந்தைகள், கேட்டது ஐஸ், வந்தது ஷ்பகெட்டியா என்று அழுதார்களாம், அவரே சொன்ன கதை. காப்புரிமை வாங்காததால் நாடு முழுக்க எல்லா ஐஸ் கடைகளிலும் பிழிகிறார்கள். 2014-ல் மான்ஹைமில் அவருக்கு 'ப்ளோமௌல்' என்ற விருது கொடுத்தார்கள்.

சரி, செய்முறைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குறிப்பை அப்படியே செய்தால் பால்தான் மிஞ்சும். நானும் முதல் தடவை அச்சை அலமாரியிலிருந்து எடுத்த சூட்டோடு பிழிந்து, தட்டில் வெனிலாக் குளம் கட்டினேன். அச்சை இரண்டு மணி நேரமாவது ஃப்ரீசரில் போட வேண்டும், தட்டையும்தான். உலோக அச்சுதான் குளிரைப் பிடித்து வைக்கும், மர உரல் உதவாது. இடியாப்ப வில்லையின் துளை ரொம்பப் பொடி, நூல் விழுவதற்குள் கரைகிறது. தேன்குழல் வில்லை போடுங்கள். முந்திரி, சாக்லேட் துண்டு எதுவும் இல்லாத வெறும் வெனிலாவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்து, கரண்டி இறங்கும் பதத்தில் அச்சில் நிரப்ப வேண்டும்.

நீங்கள் விட்டுவிட்ட இன்னொன்று, அடியில் வைக்கும் அடித்த க்ரீம். அதுதான் எனக்கு இதில் உயிர். ஒரு கரண்டி க்ரீமைத் தட்டில் குவித்து அதன் மேல் பிழிந்தால், ஐஸின் குளிர் பட்ட இடமெல்லாம் க்ரீம் உறைந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். இங்கே பிள்ளைகள் தோண்டித் தோண்டித் தேடுவது அதைத்தான். கால் கிலோ ஸ்ட்ராபெரியை இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் விட்டு அரைத்து வடிகட்டினால் சாறு ரெடி, அடுப்பே வேண்டாம். உங்கள் குறிப்பில் இருந்த சிவப்புச் சாயம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளைச் சாக்லேட்டையும் ஃப்ரீசரில் வைத்துத் துருவுங்கள், இல்லாவிட்டால் விரலில் ஒட்டும். தேங்காய்த் துருவலும் சீஸ் மாதிரியே இருக்கும்.

அடுத்த இதழில் பெயரைத் திருத்திப் போடுங்கள். அச்சை ஃப்ரீசரில் வைக்கும் விஷயத்தையும் கொட்டை எழுத்தில் போட்டால், பாவம், யாருடைய ஐஸ்கிரீமாவது பிழைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹைடெல்பெர்க், ஜெர்மனி