ராமேஸ்வரம் பயணமும் சங்குக் கடைகளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதம் ராமேஸ்வரம், தனுஷ்கோடிக்கு அழைத்துப் போகிறோம். பேருந்து, சாப்பாடு விவரமெல்லாம் வகுப்பாசிரியர் தந்த தாளில் இருக்கிறது. நான் எழுதுவது, கடையில் செலவழிக்கப் பிள்ளைகள் உங்களிடம் கேட்கப்போகும் காசைப் பற்றி.

அங்கே திரும்பிய பக்கமெல்லாம் சங்குக் கடைதான். பெயர் எழுதிய சங்கு, சோழி மாலை, சிப்பி ஒட்டிய முகக்கண்ணாடி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் செத்த பிறகு அலையில் உருண்டு கரைக்கு வரும் ஓடு நிறம் மங்கி, விளிம்பு தேய்ந்து போயிருக்கும். கடையில் பளபளக்கும் பெரிய சங்குகளில் பெரும்பாலானவை உயிரோடு பிடித்து, சதையை எடுத்து, அமிலத்தில் கழுவியவை. பூசையறை வெண்சங்குகூடக் கடலில் பழுப்புத் தோல் போர்த்தித்தான் இருக்கும். நாட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு போன்ற சிலவற்றை விற்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வழக்கமான சங்குக்கு எதிர்ப்பக்கம் சுழலும் வலம்புரி என்று யாராவது நீட்டினால் பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு நகரட்டும். அசல் மிக அரிது. இயல்பிலேயே எதிர்ப்பக்கம் சுழலும் அமெரிக்கச் சங்கு ஒன்றைத்தான் பல இடங்களில் அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

கரையில் கிடப்பதைப் பொறுக்கட்டும், ஆளுக்கு நாலைந்து போதும். அதில் படிக்க நிறைய இருக்கிறது. சங்கு என்பது ஒரு கடல் நத்தையின் ஓடு. அந்த நத்தையின் உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய சதை, கடல்நீரிலிருந்து கிடைக்கும் கால்சியத்தைக் கொண்டு ஓட்டைக் கட்டுகிறது. வாய் விளிம்பில்தான் புதிது புதிதாகச் சேரும். ஆகவே சங்கின் கூர்முனைதான் அதன் குழந்தைப் பருவம். சோழி மட்டும் வேறு மாதிரி: மேன்டில் வெளியே வந்து ஓட்டின் மேற்புறத்தையே மூடிக்கொள்வதால் மெருகு தானாக வந்துவிடுகிறது. சிப்பியில் வட்டமாக ஒரு துளை இருந்தால், நூல் கோக்க யாரோ போட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னொரு நத்தை துளைத்து உள்ளே இருந்ததைத் தின்றிருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. எடுப்பதற்கு முன் உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் பேருந்தே நாறும். கூம்பு வடிவில், கோலம் போட்டது போல இருக்கும் சங்கில் உயிர் இருந்தால் அதற்கு விஷ முள் உண்டு. தொடவே கூடாது. இதை வீட்டிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கைச்செலவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்